ஒன்வே டிக்கெட்டில் பாங்காக்: கவுன்டரில் ஆன்வர்ட் டிக்கெட் கேட்டால் என்ன காட்டுவது?

சென்னையிலிருந்து பாங்காக்குக்குத் தரைவழியாகவே போய்விடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். மணிப்பூரின் மோரே வரை போய் (பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய ஊர் அது) பாலத்தைத் தாண்டினால் மியான்மர், அதற்கப்பால் தாய்லாந்து. ஆனால் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த வழியில் நாட்டைக் கடந்து போவது சாதாரணப் பயணிக்கு ஆகிற காரியமில்லை. ஆகவே தென்கிழக்கு ஆசியாவை ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றக் கிளம்புகிறவர்கள் முதல் தாண்டலை மட்டும் விமானத்தில் செய்கிறார்கள். பாங்காக் அல்லது கோலாலம்பூருக்கு ஒன்வே டிக்கெட். அங்கிருந்து லாவோஸ், வியட்நாம், கம்போடியா. எப்போது, எந்த ஊரிலிருந்து திரும்புவோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மீனம்பாக்கத்திலோ திருச்சியிலோ கவுன்டரில் இருப்பவர் கேட்பார்: “ரிட்டர்ன் டிக்கெட் எங்கே?” அது இல்லையென்றால் அந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்குப் போகும் டிக்கெட்டையாவது, அதாவது ஆன்வர்ட் டிக்கெட்டையாவது, காட்டச் சொல்வார்.

கேட்பவர் யார், ஏன் கேட்கிறார்

பலரும் தாய்லாந்து இமிக்ரேஷனை நினைத்துப் பயப்படுகிறார்கள். நடைமுறையில் பயணம் தடைபடுவது பெரும்பாலும் விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில்தான். காரணம் எளிது. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 9ஆம் இணைப்பின்படி, ஒரு நாடு உள்ளே விடாத பயணியைத் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பு அவரைக் கொண்டுவந்த விமான நிறுவனத்தின் தலையில் விழுகிறது. பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் போடுகின்றன. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் கவுன்டரில் இத்தனை கெடுபிடி. அவர் உங்களைச் சந்தேகிக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் முன்னால் இருக்கும் திரையில் டிமாட்டிக் என்ற தரவுத்தளம் திறந்திருக்கும். விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறார், எத்தனை நாள் என்று போட்டால் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அது சொல்லும். அதில் வரும் சொல்லமைப்பைக் கவனிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வகை: “திரும்பும் அல்லது அடுத்த பயணத்துக்கான டிக்கெட் வைத்திருக்க வேண்டும்.” இன்னொரு வகை: “அத்தகைய டிக்கெட் இல்லாதவர்களுக்கு நுழைவு மறுக்கப்படலாம்.” முதல் வகையில் கவுன்டர் ஊழியருக்கு விருப்பத்துக்கு இடமே கிடையாது. இரண்டாவதில் முடிவு அவருடைய மேலாளர் கையில். சில நிறுவனங்கள், “திருப்பி அனுப்பினால் செலவு என்னுடையது” என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றிவிடுவதும் உண்டு. அதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. சில விமான நிறுவனங்களின் இணையதளத்தில் பயண ஆவணச் சரிபார்ப்பு என்று ஒரு பக்கம் இருக்கும். பல இடங்களில் அதற்கு அடியில் ஓடுவதும் இதே டிமாட்டிக்தான். கிளம்புவதற்கு முன்தினம் உங்கள் விவரத்தைப் போட்டு, வரும் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகக் கேட்பவர் நம் ஊர் இமிக்ரேஷன் அதிகாரி. தாய்லாந்தில் ஐடி வேலை என்று ஏமாற்றி மியான்மர் எல்லையிலுள்ள மியாவடி மோசடி முகாம்களுக்கு இளைஞர்களைக் கடத்துவது பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை விட்டது. அப்படிச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. அதன் பிறகு, தனியாக, ஒன்வே டிக்கெட்டில், பாங்காக் போகும் இருபத்தைந்து வயதுக்காரரை நாலு கேள்வி கேட்காமல் விடுவது அபூர்வம். இந்த விசாரணைக்கு ஆன்வர்ட் டிக்கெட் மட்டும் போதாது. முதல் சில இரவுகளுக்கான தங்குமிடப் பதிவு, கையிலுள்ள பணம், ஊரில் இருக்கும் வேலை அல்லது படிப்புக்கு ஒரு சான்று, போகும் வழியைச் சொல்லும் ஒரு பக்கத் திட்டம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஈசிஆர் குறிப்பு (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் குடிபெயர்வுச் சோதனை தேவை என்பது) இருப்பவர்களுக்கு இது இன்னும் கறார். அந்தச் சோதனை தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூன்றுமே இருக்கின்றன. வேலைக்காகப் போகவில்லை, சுற்றுலாதான் என்பதற்கு ரிட்டர்ன் டிக்கெட்டையே முதலில் கேட்பார்கள். ஈசிஆர் பாஸ்போர்ட்டோடு ஒன்வே பயணம் வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. பத்தாம் வகுப்பு தேறியவர் என்றால் அந்தச் சான்றிதழைக் கொடுத்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து, குறிப்பை நீக்கிய பிறகு கிளம்புங்கள். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டே எடுத்துவிடுங்கள்.

எது செல்லும் டிக்கெட்

கவுன்டரில் இருப்பவருக்கு உங்களுக்காக இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அதற்குள் அவர் சரிபார்க்க முடிகிற எதுவும் செல்லும். அவருக்கு விளக்கம் சொல்லவேண்டி வருகிற எதுவும் தகராறுதான். ஆன்வர்ட் டிக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்.

முதலாவது, அது நீங்கள் இறங்கும் நாட்டிலிருந்தே வெளியேற வேண்டும். பாங்காக்கில் இறங்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து ஹனோயிலிருந்து சென்னைக்குப் போகும் டிக்கெட்டைக் காட்டினால் சிலர் ஏற்பார்கள், பலர் மாட்டார்கள். தாய்லாந்தை விட்டு எப்படிப் போவீர்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த டிக்கெட்டில் பதில் இல்லை.

இரண்டாவது, தேதி அனுமதிக்கப்பட்ட நாட்களுக்குள் விழ வேண்டும். இறங்கும் நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். இந்தியர்களுக்குத் தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் விசா இல்லாமல் 60 நாள் அறிவித்தது. அந்தக் கணக்கில் மார்ச் 1 அன்று இறங்கினால் கடைசி நாள் ஏப்ரல் 29. ஏப்ரல் 30 டிக்கெட் ஒரு நாள் வித்தியாசத்தில் உங்களைக் கவிழ்க்கும். மேலும் அந்த 60 நாளைக் குறைக்கும் பேச்சு தாய்லாந்தில் பலமுறை வந்திருக்கிறது. ஆகவே ஆன்வர்ட் டிக்கெட்டின் தேதியை முப்பது நாளுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நீங்கள் அந்த நாளில் கிளம்பியாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைத் தேதிதான் உங்கள் உண்மையான கெடு. மலேசியா இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் தருகிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அங்கே இருபத்தைந்தாம் நாளுக்கு ஒரு டிக்கெட் போதும். விசா விதிகள் சட்டென்று மாறுகிறவை. டிக்கெட் வாங்கும் நாளிலும் கிளம்பும் நாளிலும் அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆன்வர்ட் டிக்கெட் போகிற நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து சிங்கப்பூருக்கு மலிவாக டிக்கெட் கிடைக்கிறதே என்று எடுத்துவிட்டுப் போனால், “சிங்கப்பூர் விசா எங்கே?” என்பார் கவுன்டர்காரர். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற சில நாடுகளின் செல்லுபடியான விசா வைத்திருப்பவர்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கிப்போக வசதி உண்டு. அதற்கே அங்கிருந்து வெளியேறும் டிக்கெட்டைக் கேட்பார்கள். ஆகத் தாய்லாந்திலிருந்து கிளம்பும் டிக்கெட்டுக்கு இந்தியருக்கு மிக எளிய முனைகள் இரண்டு: கோலாலம்பூர், அல்லது சொந்த ஊர். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்: சிங்கப்பூருக்கு விசா வேண்டாம், மலேசியாவுக்கு வேண்டும்.

நான்காவது பெயர். தமிழ்ப் பெயர்களுக்கு இது தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், ஒரு நிறுவனம் பெயரையே இரண்டு முறை அச்சிடும், இன்னொன்று முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது) என்று போடும், மூன்றாவது அப்பா பெயரைக் கேட்கும். போகும் டிக்கெட்டில் ஒரு மாதிரியும் ஆன்வர்ட் டிக்கெட்டில் வேறு மாதிரியும் இருந்தால் அது உங்கள் டிக்கெட்தானா என்ற கேள்வி வரும். முடிந்தவரை இரண்டையும் ஒரே நிறுவனத்தில் எடுப்பது இதற்கு நல்ல மருந்து. முதலெழுத்தை மட்டும் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கும் வடிவமே டிக்கெட்டிலும் வர வேண்டும்.

என்னென்ன வழிகள், எதற்கு எவ்வளவு

வாங்கி வீணாக்குவது. கேட்க முட்டாள்தனமாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சிறந்த வழி. பாங்காக்–கோலாலம்பூர் போன்ற தடங்களில் பட்ஜெட் விமானங்கள் நிறைய. இரண்டு மூன்று வாரம் தள்ளி, வாரநாளில், பெட்டி இல்லாமல் தேடினால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்துவிடும். உண்மையான டிக்கெட், உண்மையான பதிவு எண், யார் எங்கே சரிபார்த்தாலும் நிற்கும். இரவு தூக்கமும் வரும். தெற்கு நோக்கிப் போகிறவர் என்றால் அந்த டிக்கெட்டையே பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். பயன்படுத்தாமல் விட்டால் விமான நிலைய வரியை மட்டுமாவது திரும்பக் கேளுங்கள். தொகை சிறியதென்றாலும் உங்களுடையது. சில நிறுவனங்கள் அதைத் திருப்பித் தர ஒரு கட்டணம் பிடிக்கும். கட்டணம் வரியைத் தின்றுவிடுகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ரிட்டர்னாகவே எடுப்பது. முழுச்சேவை நிறுவனங்களில் போய்வரும் டிக்கெட்டின் விலை சில வேளை ஒன்வேயை விடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தேதி மாற்ற அனுமதிக்கும் வகை என்றால், திரும்பும் பாதியை முப்பது நாளுக்குள் போட்டுவிட்டு, பிறகு தள்ளிவைக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏற முடியாது, முழு டிக்கெட்டும் ரத்தாகிவிடும். இரண்டாம் பாதியை விட்டுவிடுவதில் அந்தச் சிக்கல் இல்லை.

பணம் திரும்பும் டிக்கெட். எடுத்து, காட்டி, உள்ளே நுழைந்ததும் ரத்து செய்வது. எழுத்தில் அழகான வழி. நடைமுறையில் மூன்று பள்ளங்கள். ‘ரீஃபண்டபிள்’ என்று எழுதியிருந்தாலும் ரத்துக் கட்டணம் பாதி விலையைத் தின்னலாம். பணம் உங்கள் கணக்குக்கு வராமல் அந்த நிறுவனத்திலேயே செலவழிக்க வேண்டிய கிரெடிட்டாக வரலாம். வெளிநாட்டு நாணயத்தில் வாங்கினால் போகும்போது ஒரு விகிதம், வரும்போது ஒரு விகிதம், நடுவில் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம். இருபதாயிரம் ரூபாய் டிக்கெட்டில் ஆயிரம் ரூபாய் காணாமல் போவது சாதாரணம். ரூபாயில் வசூலிக்கும் தளத்தில் வாங்குங்கள். ரத்து விதியில் “கட்டணம் இன்றி, வாங்கிய அட்டைக்கே” என்ற இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன மலிவு டிக்கெட்டே லாபம்.

ரத்து அவகாசத்தைப் பயன்படுத்துவது. இணையத்தில் உலவும் “24 மணி நேரத்துக்குள் எந்த டிக்கெட்டையும் இலவசமாக ரத்து செய்யலாம்” என்ற அறிவுரை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அந்த விதி அமெரிக்காவுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற, உள்நாட்டில் பறக்கிற பயணங்களுக்கு உரியது. பாங்காக்–கோலாலம்பூருக்கு அது பொருந்தாது. நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதியிலும் இப்படி ஓர் அவகாசம் உண்டு: நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கி, புறப்பாடு குறைந்தது ஏழு நாள் தள்ளி இருந்தால், 24 மணி நேரம் வரை அபராதமின்றி ரத்து என்பது பல ஆண்டுகளாக இருந்த வடிவம். இந்த எண்களைத் திருத்தும் முயற்சிகள் நடந்திருப்பதால் வாங்கும் நாளில் நிறுவனத்தின் பக்கத்தைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் தத்தம் நாட்டு விதிப்படி நடப்பதால், இந்திய நிறுவனத்தின் பாங்காக்–சென்னை டிக்கெட்டுக்குத்தான் இந்த வழியை நம்பலாம்.

அதைச் செய்வதென்றால் நேரத்தைக் கணக்கிட வேண்டும். சென்னையில் விமானம் இரவு 11:30க்கு என்று வையுங்கள். மூன்றரை மணி நேரப் பறத்தல். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். பாங்காக்கில் இறங்கும்போது அங்கே அதிகாலை 4:30, நம் ஊரில் 3:00. இமிக்ரேஷனைக் கடக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தால் நம் நேரம் 4:30. முதல் நாள் மதியம் 2 மணிக்கு டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்ய மறுநாள் மதியம் 2 வரை நேரம் இருக்கிறது. காலையிலேயே எடுத்துவிட்டு, விமானமும் தாமதமானால், கையைச் சுட்டுக்கொள்வீர்கள். ரத்து செய்வது முத்திரை விழுந்த பிறகுதான். போர்டிங் முடிந்ததும் விமானத்தில் உட்கார்ந்தபடியே ரத்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாங்காக் அதிகாரி கேட்டால் அவர்கள் காட்ட ஒன்றும் இருக்காது.

வாடகை டிக்கெட், டம்மி டிக்கெட். இரண்டு பெயரும் கலந்து புழங்குகின்றன. மூன்று வேறு பொருள்கள் அதற்குள் இருக்கின்றன. ஒன்று, ஏஜென்ட் உங்கள் பெயரில் உண்மையாகவே எடுத்து, சில நாளில் ரத்து செய்துவிடும் டிக்கெட். பத்திலிருந்து இருபது டாலர் கேட்கும் தளங்கள் உண்டு. இரண்டாவது, இருக்கையை மட்டும் பிடித்துவைக்கும் பதிவு. இதற்கு ஆறு எழுத்து பிஎன்ஆர் இருக்கும், ஆனால் டிக்கெட் எண் இருக்காது. நிறுவனம் வைத்த கெடு வந்ததும் தானாகவே காலியாகிவிடும். மூன்றாவது, ஃபோட்டோஷாப்பில் செய்த பிடிஎஃப்.

மூன்றாவதைத் தொடவே வேண்டாம். போலி ஆவணம் காட்டுவது குற்றம். பிடிபடும் இடம் விமான நிலையம் என்றால் பயணம் மட்டும் போவதோடு முடியாது. இரண்டாவது, விசா விண்ணப்பத்துக்குப் பயன்படும். விசா கிடைக்கும்வரை டிக்கெட் வாங்காதீர்கள் என்று தூதரகங்களே சொல்வதுண்டு. அங்கே பதிவு மட்டும் காட்டுவதில் தவறில்லை. கவுன்டரில் அது ஆபத்து. முழுச்சேவை நிறுவனங்களில் உண்மையான மின் டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும். ஏர் இந்தியா 098, தாய் ஏர்வேஸ் 217, மலேசியா ஏர்லைன்ஸ் 232, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. அந்த எண் இல்லாத தாளைப் பார்த்ததும் அனுபவமுள்ள ஊழியர் நிமிர்ந்து உட்காருவார். பட்ஜெட் விமானங்களில் பெரும்பாலும் பிஎன்ஆரே டிக்கெட் என்பதால் அங்கே இந்தச் சோதனை பொருந்தாது. அவர் இணையதளத்தில் பிஎன்ஆரையும் பெயரையும் போட்டுப் பார்ப்பார். நீங்களும் அதையே, வீட்டை விட்டுக் கிளம்பும் முன், அவர் பார்க்கும் அதே பக்கத்தில் செய்து பாருங்கள். பதிவு திறக்கவில்லை என்றால் உங்களிடம் டிக்கெட் இல்லை என்று அர்த்தம். முதல் வகை வாடகை டிக்கெட்டிலும் இதுவே சோதனை. அதோடு, எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும் என்று கேட்டு, பாங்காக்கில் இறங்கி ஆறு மணி நேரம் கழியும் வரைக்கும் வருகிற மாதிரி வாங்குங்கள்.

ரயில், பஸ் டிக்கெட். தரைவழிப் பயணிக்கு இயல்பான சான்று இதுதான், ஆனால் கவுன்டரில் மதிப்புக் குறைவு. விதியில் ‘டிக்கெட்’ என்றுதான் இருக்கும், விமானம் என்று இருக்காது. என்றாலும் அந்த ஊழியருக்கு ரயில் நிலையப் பெயர்கள் தெரியாது. டிக்கெட்டிலேயே வேற்று நாட்டின் பெயர் தெரிந்த ஊர் அச்சாகியிருந்தால் வாய்ப்புக் கூடும். பாங்காக்கின் குருங் தெப் அபிவாட் நிலையத்திலிருந்து லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்கு 2024 ஜூலை முதல் இரவு ரயில் ஓடுகிறது. எண் 133. தாய்லாந்து ரயில்வேயின் சொந்தத் தளத்தில் எடுக்கலாம். டிக்கெட்டில் வியந்தியான் என்றே இருப்பதால் விளக்கம் குறைவு. கூடவே லாவோஸ் இ-விசாவின் நகலை வைத்தால் கோப்பு முழுமையாகும். ஆனால் அந்த இ-விசா எல்லா எல்லைக் கடவுகளிலும் செல்லாது. உங்கள் கடவு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

தெற்கே போகும் 45ஆம் எண் ரயில் பாடாங் பெசார் வரை போகிறது. அங்கே இரு நாட்டு இமிக்ரேஷனும் ஒரே கட்டடத்தில். நிலையம் இருப்பது மலேசிய மண்ணில். நமக்குத் தெரியும், கவுன்டர்காரருக்குத் தெரியாது. போதாக்குறைக்குத் தாய்லாந்துப் பக்கமும் அதே பெயரில் ஒரு நிறுத்தம் உண்டு. இந்த டிக்கெட்டோடு, பாடாங் பெசாரிலிருந்து பட்டர்வொர்த்துக்கோ கோலாலம்பூருக்கோ போகும் கேடிஎம் (மலேசிய ரயில்வே) ரயில் டிக்கெட்டையும் சேர்த்துக் காட்டினால்தான் எல்லை தாண்டுவது தெரியும்.

பஸ் டிக்கெட்டைத் தனிச் சான்றாக வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். எல்லைகள் சொல்லாமல் கொள்ளாமல் மூடும். 2025 மோதலின்போது தாய்லாந்து–கம்போடியாத் தரைக் கடவுகள் மூடப்பட்டன. அதுவரை அரண்யப்ரதேத்–பொய்பெட் வழியாக சியாம் ரீப் போவதுதான் உலகம் அறிந்த பாதை. அப்படிப்பட்ட சமயத்தில் பொய்பெட் பஸ் டிக்கெட்டைக் காட்டினால் அது எதையும் நிரூபிக்காது.

சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போகிறவர்களும் வண்டியையே சான்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கவுன்டரைப் பொறுத்தவரை சைக்கிள் என்பது பெரிய பெட்டி, அவ்வளவுதான். டிக்கெட் எடுங்கள்.

கிளம்புவதற்கு முன் மூன்று நாட்கள்

தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டிடிஏசி என்ற மின் வருகை அட்டை கட்டாயம். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மலேசியாவின் எம்டிஏசியும் அதே மாதிரி. இரண்டும் இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. அவற்றில் நாட்டை விட்டுப் புறப்படும் விவரம் கேட்கும் இடத்தில் ஆன்வர்ட் டிக்கெட்டின் தேதியையே போடுங்கள். படிவத்தில் ஒரு தேதி, டிக்கெட்டில் ஒரு தேதி, ஹோட்டல் பதிவில் மூன்றாவது தேதி என்று இருப்பதுதான் பயணியை வரிசையிலிருந்து ஓரம் கட்ட வைக்கிறது.

எல்லாவற்றையும் தாளில் அச்செடுங்கள். கைப்பேசியில் காட்டினால் போதாதா என்றால், போதும், சார்ஜும் நெட்டும் இருக்கும்வரை. வரிசை இப்படி: ஆன்வர்ட் டிக்கெட், வருகை அட்டை, முதல் மூன்று இரவு தங்குமிடம், அடுத்த நாட்டு விசா இருந்தால் அதன் நகல், ஒரு பக்கப் பயணத் திட்டம், வங்கி இருப்புக் கடிதம். தாய்லாந்தில் கையிருப்பைக் கேட்டால் ஆளுக்குப் பத்தாயிரம் பாட் என்பது பழகிய அளவு. இருபதாயிரத்துக்குச் சமமாக வைத்திருந்தால் பேச்சே இல்லை. அதிகாரி பார்க்க விரும்புவது ரொக்கம். ஃபாரெக்ஸ் கார்டில் எவ்வளவு இருக்கிறது என்பது பிளாஸ்டிக்கைப் பார்த்துத் தெரியாது.

இன்னொரு வேலை, ஐந்து நிமிடம்தான்: வங்கிச் செயலியில் உங்கள் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புது அட்டைகளில் அது மூடியே வரும். கவுன்டரில் நின்றுகொண்டு டிக்கெட் வாங்க முயலும்போது “பரிவர்த்தனை மறுக்கப்பட்டது” என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஓடிபி வரும் சிம்மில் ரோமிங்கும் வேண்டும்.

கவுன்டரில்

மூன்று மணி நேரம் முன்னதாகவே போங்கள். சர்வதேச கவுன்டர்கள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் மூடும்; தகராறு வந்தால் அதைத் தீர்க்க உங்களுக்கு இருப்பது நடுவிலுள்ள இரண்டு மணி நேரம்தான். வெப் செக்-இன் செய்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆவணச் சரிபார்ப்பு முடியாத பயணிக்குப் போர்டிங் பாஸ் வராது. வந்தாலும் கேட்டில் நிறுத்துவார்கள்.

கேட்டால் மட்டும் காட்டுங்கள். “நான் தரைவழியாக ஆறு மாதம் சுற்றப் போகிறேன்” என்று நீங்களாகத் தொடங்கினால், அவர் மனதில் ஆறு மாதம் என்ற எண்தான் நிற்கும். தாய்லாந்தில் ஆறு மாதமா என்று அவர் டிமாட்டிக்கைத் திறப்பார். கேட்டால் சுருக்கமாக: தாய்லாந்தில் இத்தனை நாள், இதோ வெளியேறும் டிக்கெட். பொய் சொல்ல வேண்டியதில்லை, முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்க மறுத்தால் வாதாடி நேரத்தைக் கரைக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டிமாட்டிக்கில் என்ன வரி இருக்கிறது? பணி மேலாளரிடம் ஒருமுறை காட்ட முடியுமா?” இதைக் கோபமில்லாமல் கேட்டால் பலமுறை வேலை செய்யும். செய்யவில்லையென்றால் வரிசையிலிருந்து விலகி, கைப்பேசியில் அதே நிறுவனத்தின் மலிவான வெளியேறும் டிக்கெட்டை வாங்கிவிட்டு நேராக அதே கவுன்டருக்குத் திரும்புங்கள். அதே நிறுவனம் என்றால் அவர் திரையிலேயே பதிவு தெரியும், தாள் தேவையில்லை. எந்தத் தடம், எந்தத் தேதி, என்ன விலை என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தால் இதற்குப் பத்து நிமிடம் ஆகும். பார்த்து வைக்காதவர்கள் அந்த நேரத்தில்தான் சிங்கப்பூர் டிக்கெட்டை வாங்குகிறார்கள்.

உள்ளே நுழைந்த பிறகு

எல்லைகளைத் தரையில் தாண்டும்போது ஆன்வர்ட் டிக்கெட் கேட்பது குறைவு. அங்கே வேறு கணக்கு: விசா இல்லாமல் தரைவழியாகத் தாய்லாந்துக்குள் நுழைய ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறைதான் வாய்ப்பு. லாவோஸ் போய்த் திரும்பி, மலேசியா போய்த் திரும்பி, மூன்றாம் முறை தரையில் வர முடியாது. பாதையைப் போடும்போதே இதை எண்ணிக்கொள்ளுங்கள்.

வியட்நாமுக்கு 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் இ-விசா, ஒரு முறை நுழைய 25 டாலர். விண்ணப்பத்தில் நுழையும் வாயிலைக் குறிப்பிட வேண்டும். லாவோஸிலிருந்து லாவ் பாவோ வழியாக வரப் போகிறவர் ஹனோய் விமான நிலையத்தைப் போட்டுவிட்டால் எல்லையில் நிற்க வேண்டியதுதான்.

நடுவில் ஒருமுறை பறக்க நேர்ந்தால் இந்தச் சடங்கு முழுதும் திரும்ப வரும். பிலிப்பைன்ஸ் இதில் மிகக் கறார். 2025 ஜூன் முதல் இந்தியர்களுக்கு 14 நாள் விசா இல்லாமல் அனுமதி. ஆனால் வெளியேறும் டிக்கெட் இல்லாமல் மணிலா விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். இந்தோனேசியாவின் வருகை விசாவுக்கு ஐந்து லட்சம் ருப்பியா, 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம். அதற்கும் டிக்கெட் வேண்டும். இந்த இரு நாடுகளும் தீவுக் கூட்டங்கள், தாய்லாந்துப் பக்கமிருந்து தரைவழியாக மட்டும் அங்கே போய்ச் சேர முடியாது. அங்கே போகும் திட்டம் இருந்தால் கோலாலம்பூருக்குத் திரும்பும் பட்ஜெட் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். எப்படியும் அந்த வழியாகத்தான் ஊர் திரும்புவீர்கள்.